ஃபிளாரன்ஸ் ஃபார் பூட்டி வைத்த பெட்டி: நடிகையின் கடிதங்களா, நடிகைக்கு வந்த கடிதங்களா?

பழுப்புத்தாள்:

1912-இல் ஐம்பத்திரண்டு வயதான ஆங்கில நாடக நடிகை ஒருவர், இலண்டனில் இருந்த தம் உடைமைகளை விற்றுவிட்டு யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் நடத்தக் கப்பலேறினார். பெயர் ஃபிளாரன்ஸ் ஃபார். புறப்படும் முன் நண்பரும் நாடக ஆசிரியருமான கிளிஃபோர்ட் பாக்ஸிடம் பூட்டிய பெட்டி ஒன்றை ஒப்படைத்தார். தாம் இறந்த பிறகே அதைத் திறக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 1917 ஏப்ரலில் கொழும்பு ஆஸ்பத்திரி ஒன்றில் அவர் காலமானார். பெட்டிக்குள் நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷாவும் கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸும் அவருக்கு எழுதிய கடிதங்கள் இருந்தன. 1941-இல் டப்ளின் குவாலா அச்சகம் அவற்றை நூலாக்கியது. பதிப்பாசிரியர் அதே பாக்ஸ்.

எங்கள் வாசகர் வட்ட மலருக்காக ஃபாரைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத எழுத ஒரு நெருடல். நூலின் அட்டையில் முதலில் நிற்பது அவருடைய பெயர். உள்ளே பேசுகிறவர்களோ பின்னாளில் நோபல் பரிசு பெற்ற இரண்டு ஆண்கள். ஒருவர் அவரைத் திட்டுகிறார், திருத்துகிறார், கெஞ்சுகிறார். மற்றவர் அவருடைய குரலைப் புகழ்ந்துவிட்டு அடுத்த ஒத்திகை எப்போது என்று கேட்கிறார். அவர் என்ன பதில் எழுதினார் என்பதை நாம் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

போதாக்குறைக்கு நூலின் முகப்பில் ஷா ஒரு விளக்கவுரை எழுதியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது எண்பத்து நான்கு. ஃபாருக்குத் தமக்கு முன்பே ஒரு டஜன் காதல் அனுபவங்கள் இருந்தன என்று அதில் கணக்குக் காட்டுகிறார். இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேலான ஒரு பெண்ணைப் பற்றி! கட்டுரையில் இதைச் சேர்ப்பதா, விடுவதா?

நாடகப்பிரியை:

சேர்ப்பதற்கு முன் அவர் மேடையில் யார் என்று ஒரு பத்தியாவது எழுதுங்கள் ஐயா. இல்லாவிட்டால் "ஷாவின் காதலி, யேட்ஸின் தோழி" என்பதோடு வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

1890-இல் இலண்டன் பெட்ஃபோர்ட் பார்க்கில் ஜான் டாட்ஹண்டரின் ஒரு சிறிய நாடகத்தில் நடித்தார். யேட்ஸ் அந்தக் குரலைக் கேட்டு மயங்கியது அங்கேதான். 1891-இல் இப்சனின் 'ரோஸ்மர்ஸ்ஹோம்' முதன்முறையாக ஆங்கில மேடை ஏறியபோது ரெபெக்கா வெஸ்ட் என்ற நாயகி வேடத்தில் நடித்தவர் அவர்தான். 1892-இல் ஷா எழுதி அரங்கேறிய முதல் நாடகம் 'விடோயர்ஸ் ஹௌசஸ்'. அதில் பிளாஞ்ச் அவர். 1894-இல் அவென்யூ தியேட்டரை எடுத்து ஒரு பருவம் முழுவதும் தாமே நடத்தினார். பணம் போட்டவர் ஆனி ஹார்னிமன், பெயரை வெளியில் சொல்லவில்லை. யேட்ஸின் நாடகம் வணிக மேடை ஏறியதும், ஷாவின் 'ஆர்ம்ஸ் அண்ட் த மேன்' முதன்முதலாக அரங்கேறியதும் அந்தப் பருவத்தில்தான். லூக்கா என்ற பணிப்பெண் வேடத்தைத் தமக்கு வைத்துக்கொண்டார்.

இரண்டு பெரிய நாடக ஆசிரியர்களுக்கு வாசலைத் திறந்துவிட்டவர் அவர். நடிகை மட்டும் அல்லர், நாடக முதலாளியும்கூட. அந்தக் கடிதங்களில் பாதி, வேலை தொடர்பானவை என்பதை மறந்துவிடக் கூடாது.

சபா டிக்கெட்:

எல்லாம் சரி, ஆனால் அவர் அவ்வளவு பெரிய நடிகையா? நடிகையின் கடிதங்கள் என்றால் எலன் டெர்ரியைத்தான் சொல்ல வேண்டும். லைசியம் தியேட்டரில் நடிகர் ஹென்றி இர்விங்குடன் இருபது ஆண்டுகளுக்கு மேல் கோலோச்சியவர். ஷாவோடு அவருடைய கடிதப் போக்குவரத்து 1892-இல் தொடங்கியது. உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் இருவரும் நேரில் பேசிக்கொண்டதே இல்லை. ஒரே ஊர், ஒரே தொழில், வேண்டுமென்றே சந்திக்கவில்லை. 1900-இல்தான் முதல் பேச்சு. 'பிக்மேலியன்' நாடகத்தின் கருவை ஷா முதலில் சொன்னதும் 1897-இல் டெர்ரிக்கு எழுதிய கடிதத்தில்தான். நடிக்கப்போகிறவர் மிஸஸ் பேட்ரிக் கேம்பல் என்று சேர்த்தே எழுதினார். ஒரு நடிகையிடம் இன்னொரு நடிகைக்கான வேடத்தைப் பற்றி எழுத எத்தனை துணிச்சல் வேண்டும்!

1931-இல் அந்தக் கடிதங்கள் வெளிவந்தபோது டெர்ரியின் மகன் கார்டன் கிரெய்க் கொதித்துப்போய், போட்டியாகத் தாயைப் பற்றி ஒரு நூலே எழுதினார். கடிதத் தொகுப்பு என்றால் அப்படி ஊரைக் கலக்க வேண்டும். ஃபாருடையது சின்ன நூல்.

பழுப்புத்தாள்:

சின்ன நூல்தான், மறுக்கவில்லை. ஆனால் டெர்ரியின் நூல் ஏன் பெரியது என்று பாருங்கள். அதில் இரண்டு பக்கமும் இருக்கின்றன. ஷா தம் சாமர்த்தியத்தை எல்லாம் கொட்டி நாலு பக்கம் எழுதுவார். டெர்ரி நாலே வரியில் அவரை உட்கார வைத்துவிடுவார். 1896-இல் 'சிம்பலைன்' நாடகத்தில் இமோஜென் வேடத்துக்கு ஷா கடிதத்திலேயே பாடம் நடத்தினார். டெர்ரி வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிட்டார். அந்தக் கழித்தலைப் படிப்பதில்தான் சுவையே இருக்கிறது.

ஃபாருக்கு அந்த வாய்ப்பு நூலில் கிடைக்கவில்லை. நடிப்பில் உழைப்பு போதாது என்று ஷா கடிந்துகொள்கிறார். எகிப்திய மந்திரம், மறைஞானச் சங்கம் என்று காலத்தை வீணாக்குவதாகப் புலம்புகிறார். இந்தச் சங்கம் விளையாட்டு அல்ல: 'கோல்டன் டான்' என்ற அந்த இரகசிய அமைப்பின் இலண்டன் கிளைக்கே ஃபார் தலைமை தாங்கினார், யேட்ஸும் அதில் உறுப்பினர். ஷாவின் புலம்பலுக்கு அவர் சொன்ன பதிலை ஒரு பத்தியாவது படிக்க முடிந்திருந்தால், ஷா இத்தனை நல்ல பிள்ளையாகத் தெரிந்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

திருச்சி வழக்குரைஞர்:

சட்டப் பக்கத்தையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இந்தக் கதை முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. கடிதத்தின் தாள் பெற்றவருக்குச் சொந்தம். அதில் உள்ள எழுத்து எழுதியவருக்குச் சொந்தம். ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப், கர்ல் என்ற பதிப்பாளர் மேல் போட்ட வழக்கில் 1741-இல் இங்கிலாந்து நீதிமன்றம் சொன்னது இது. இன்றுவரை அதுதான் நடைமுறை.

ஆகவே ஃபார் பெட்டியைப் பூட்டலாம், கொளுத்தலாம், பாக்ஸுக்குக் கொடுக்கலாம். அச்சிட மட்டும் முடியாது. அதற்கு ஷாவின் அனுமதி வேண்டும், யேட்ஸ் 1939-இல் இறந்துவிட்டதால் அவருடைய வாரிசின் அனுமதியும் வேண்டும். குவாலா அச்சகம் யேட்ஸ் குடும்பத்துடையது. யேட்ஸின் சகோதரி இறந்த பிறகு 1940 முதல் அதைக் கவனித்தவர் யேட்ஸின் மனைவி ஜார்ஜ். கணவர் இன்னொரு பெண்ணுக்கு எழுதியதை மனைவியே அச்சேற்றினார். அந்த அம்மையாரைப் பற்றித் தனியாக ஒரு இழை தொடங்கலாம்.

இந்தச் சட்டத்தின் கொடுமையை அனுபவித்தவர் மிஸஸ் பேட்ரிக் கேம்பல். 1914-இல் 'பிக்மேலியன்' இலண்டனில் அரங்கேறியபோது நாற்பத்தொன்பது வயதில் அதன் நாயகி எலிசாவாக நடித்தவர். ஷா அவர்மீது பித்தாகி எழுதிய கடிதங்கள் கட்டுக்கட்டாக அவரிடம் இருந்தன. 1922-இல் தன்வரலாறு எழுதியபோது சிலவற்றைச் சேர்க்க விரும்பினார். ஷா கத்திரிக்கோலோடு வந்துவிட்டார். பிறகு வாய்ப்புகள் குறைந்து வறுமை வந்தபோது மறுபடியும் கேட்டார். மனைவி சார்லட் உயிரோடு இருக்கும்வரை கூடாது என்றார் ஷா. கையில் புதையல், விற்க உரிமை இல்லை. 1940-இல் பிரான்சில் போ நகரத்தில் இறந்தார். கடிதங்கள் 1952-இல்தான் வெளிவந்தன.

நாடகப்பிரியை:

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். கேம்பல் தமக்கு எழுதிய கடிதங்களை ஷா பத்திரமாக வைத்திருந்து 1937-இல் அவரிடமே திருப்பி அனுப்பினார். வருமானம் அவருடைய வாரிசுகளுக்குப் போகவும் வழி செய்தார். அதனால்தான் அந்த நூலிலும் இரண்டு குரல்கள் இருக்கின்றன. ஷாவை முழு வில்லனாக்க வேண்டாம்.

திருச்சி வழக்குரைஞர்:

அம்மா, நான் வில்லன் என்று சொல்லவில்லை. சட்டம் அவர் பக்கம் இருந்தது என்றுதான் சொன்னேன்.

இணுவில் அக்கா:

இலண்டனிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். கப்பல் ஏறியவர் எங்கே வந்து இறங்கினார் என்று நாங்களும் கொஞ்சம் சொல்கிறோம்.

சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913-இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கென்று ஒரு கல்லூரியை ஆரம்பித்தார். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. பக்கத்தில் உடுவிலில் அமெரிக்க மிஷனின் பெண்கள் பாடசாலை 1824 முதல் நடந்துவந்தது. ஆங்கிலக் கல்வி வேண்டும் என்றால் சைவக் குடும்பத்துப் பிள்ளையும் மிஷன் பாடசாலைக்குத்தான் போக வேண்டும். சைவச் சூழலிலேயே அந்தக் கல்வியைக் கொடுப்பது இராமநாதனின் நோக்கம். அந்தத் திட்டத்தைப் பற்றி ஃபார் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, இராமநாதன் இலண்டன் வந்திருந்தபோது அவர் வாயாலேயே கேட்டிருந்தார். துணை செய்வதாக அப்போதே சொல்லியும் இருந்தார். கல்லூரி உருவாகிறது என்றதும் புறப்பட்டுவிட்டார். முதல் அதிபர் அவர்.

ஊரில் அவரை அதிபராகவே அறிவார்கள். இப்சன் நாடகத்தில் நடித்தவர், மந்திரச் சங்கத்துக்குத் தலைவியாக இருந்தவர், விவாகரத்துப் பெற்றவர் என்பதெல்லாம் அன்றைய பெற்றோருக்குத் தெரிந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன். ஆனால் இராமநாதனுக்கு அவரை நன்றாகத் தெரியும். தெரிந்தும் நிர்வாகத்தை அவர் கையில் கொடுத்தார். தமிழ்ப் பழக்கவழக்கங்களை மதித்து நடந்தார் என்றும், கல்லூரி அவருடைய காலத்தில் செழித்தது என்றும் அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். தமிழ்க் கவிதைகளை ஆங்கிலமாக்கி யேட்ஸுக்கு அனுப்பியதும் இங்கிருந்துதான்.

இன்னொன்று. இலண்டனில் அவர் சால்ட்டரி என்ற நரம்பு வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு, கவிதையைப் பாடாமலும் வெறுமனே பேசாமலும் சுருதியோடு சொல்லும் ஒரு முறையைப் பரப்பினார். 1901-இல் ஆர்னல்ட் டோல்மெட்ச் அதற்கென்றே வாத்தியம் செய்து கொடுத்தார். யேட்ஸ் அதைப் பெரிய புதுக்கலை என்று கட்டுரை எழுதினார். ஷா கேலி செய்து தள்ளினார். தேவாரம் ஓதக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இதில் புதுமையும் இல்லை, கேலிக்கு இடமும் இல்லை. அவர் வந்து சேர்ந்தது செய்யுளை ராகத்தோடு சொல்வதே வழக்கமாக இருந்த ஊர். கோயில் பக்கம் போன முதல் நாளே அவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

பழுப்புத்தாள்:

அக்கா, இதற்காகத்தான் காத்திருந்தேன். உங்கள் பத்தியைக் கட்டுரைக்கு எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டும். வழக்குரைஞர் சொன்னபடி எழுத்து உங்களுக்குச் சொந்தம்.

இணுவில் அக்கா:

எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. கத்திரிக்கோல் கொண்டுவர மாட்டேன்.

ஈரநிலா:

யேட்ஸ் 1920-இல் எழுதிய 'ஆல் சோல்ஸ் நைட்' கவிதையை மறந்துவிட்டீர்களே! இறந்துபோன மூன்று நண்பர்களை அழைக்கிறார். நடுவில் வருபவர் ஃபிளாரன்ஸ். பலர் ஆராதித்த முகத்தில் முதல் சுருக்கங்களைக் கண்டாராம். இனி அழகு குறையும் என்று அஞ்சி, நண்பர்களை விட்டு விலகி, கறுத்த மனிதர்கள் நடுவே பள்ளி நடத்திக் கண்மறைவாக முதுமையைக் கழிக்கப் போனாராம். கற்றறிந்த ஓர் இந்தியர் ஆன்மாவின் பயணத்தைப் பற்றி உருவகமாகச் சொன்னவற்றை அங்கே சிக்கெடுத்துப் பார்த்தாராம். அந்த இந்தியர் நம் இராமநாதன்.

அழகான கவிதைதான். அதற்காக அவர் இலங்கைக்குப் போனதன் காரணத்தை முகச்சுருக்கத்தில் கொண்டுபோய் முடித்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. அக்கா சொன்னது சரியென்றால் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, சுருக்கம் விழாத காலத்திலேயே, வருகிறேன் என்று சொன்னவர் அவர். 1910-இல் பெண்களின் நிலை பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார். வேலை, திருமணம், சொத்து எல்லாவற்றையும் அதில் விவாதிக்கிறார். பெண் கல்விக்கென்று ஒரு வேலை வந்தபோது அதை ஏற்றுக்கொண்டார். கண்ணாடியைப் பார்த்துப் பயந்து ஓடியதாக எழுதுவதற்குக் கவிஞருக்கு மட்டும்தான் மனம் வரும்.

சபா டிக்கெட்:

கவிதைக்குத் தேவை உருவம், வேலைவாய்ப்பு விவரம் அல்ல. யேட்ஸ் வரலாறு எழுத உட்காரவில்லை.

ஈரநிலா:

ஆனால் வரலாறாகத்தான் எல்லோரும் படிக்கிறார்கள். கடிதங்கள் ஆண்களுடையவை, முன்னுரை ஆணுடையது, இரங்கல் கவிதையும் ஆணுடையது. மூன்றிலும் அவர் பேசுவதில்லை.

நாடகப்பிரியை:

ஒரு கடிதத்தில் பேசுகிறார்.

1916-இல் மார்பில் கட்டி கண்டு புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு யேட்ஸுக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் அதைப் பற்றி அவர் சொல்வது இது: சென்ற டிசம்பரில் நான் அமேசான் ஆகிவிட்டேன், இடது மார்பையும் தசையையும் எடுத்துவிட்டார்கள், இப்போது என் இடப்பக்கம் அழகான ஒரு சதைப் பலகை, வெட்டும் முப்பது தையலும் சேர்ந்து அதில் பெரணி இலைபோல் ஒரு கோலம் போட்டிருக்கின்றன. (அமேசான் என்றால் கிரேக்கக் கதைகளில் வரும் போர்ப்பெண், வில்லை இழுக்க ஒரு மார்பை நீக்கிக்கொண்டவள் என்பார்கள்.) கூடவே தம்மையே, அந்தத் தழும்போடு, வேடிக்கையாக வரைந்தும் அனுப்பியிருக்கிறார்.

1917-இல், ஒரு பெண், ஓர் ஆணுக்கு, தன் உடம்பைப் பற்றி! வெட்கமும் இல்லை, அழுகையும் இல்லை. இது யேட்ஸ் கைக்குப் போனது. இதைப் படித்தவர்தான் மூன்று ஆண்டுகள் கழித்து முகச்சுருக்கத்துக்கு அஞ்சியவர் என்று எழுதினார். ஈரநிலாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

பழுப்புத்தாள்:

அவருடைய தந்தை வில்லியம் ஃபார் என்பதையும் இங்கே சேர்க்க வேண்டும். இங்கிலாந்தில் மரணங்களைக் காரண வாரியாகக் கணக்கெடுக்கும் முறையை உருவாக்கியவர்களில் தலையானவர், ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலின் கூட்டாளி. மகளுக்கு அந்தப் பெயரையே வைத்தார். முப்பது தையல் என்று எண்ணிச் சொல்லும் அந்தக் குளிர்ந்த நிதானம் அப்பாவின் வழி வந்திருக்கலாம். என் ஊகம்தான், கட்டுரையிலும் ஊகம் என்றே எழுதுவேன்.

இணுவில் அக்கா:

அறுவை சிகிச்சைக்கு முன்பே நோய் பரவியிருந்தது. சில மாதங்களில் இறந்துவிட்டார், வயது ஐம்பத்தாறு. அவர் விரும்பியபடியே தகனம் செய்து, இராமநாதன் அஸ்தியைக் களனி கங்கையில் கரைத்தார். இலண்டன் நாடக உலகத்துக்கு இது ஒரு வினோதச் செய்தி. எங்களுக்கு, ஊர்ப் பெண்ணுக்குச் செய்யும் கடைசிக் கடமை.

சபா டிக்கெட்:

இப்போது மனம் கொஞ்சம் மாறுகிறது. ஆனாலும் டெர்ரியின் அருகில் வைக்க மாட்டேன்.

திருச்சி வழக்குரைஞர்:

தொடக்கக் கேள்விக்கே வருகிறேன். ஷாவின் 'ஒரு டஜன்' வரியைச் சேர்ப்பதா? சேருங்கள் என்பதே என் கட்சி. அதை மறைத்தால் அவரைக் காப்பாற்றுவதாக நாம் நினைத்துக்கொள்வோம். உண்மையில் ஷாவைத்தான் காப்பாற்றுவோம். காதல்களைப் பற்றி ஃபார் அலட்டிக்கொள்ளவே இல்லை என்பதையும் அதே முன்னுரையில் ஷா ஒப்புக்கொள்கிறார். அவர் வெட்கப்படாத ஒன்றுக்கு அவர் சார்பில் நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

ஈரநிலா:

எனக்கு உடன்பாடு இல்லை. அவர் வெட்கப்படவில்லை என்பதும் ஷா சொல்லித்தானே தெரிகிறது? சாட்சியும் அவரே, நீதிபதியும் அவரே. எண்ணிக்கையைச் சொன்னவரிடம் யார் கேட்டார்கள்? கட்டுரையில் இடம் குறைவு என்றால் முதலில் வெட்ட வேண்டியது அந்த வரியைத்தான்.

நாடகப்பிரியை:

நடுவழி ஒன்று உண்டு. வரியைச் சேருங்கள், ஆனால் முகப்பில் வேண்டாம். முதலில் மேடை, பிறகு மருதனார்மடம், பிறகு அந்தக் கடைசிக் கடிதம். அதன் பிறகு ஷாவின் கணக்கு வரட்டும். முப்பது தையலைப் படித்துவிட்டு வரும் வாசகர் அந்த டஜனை எப்படிப் படிப்பார் என்று பார்க்கலாம்.

பழுப்புத்தாள்:

அந்த வரிசையிலேயே எழுதுகிறேன். தலைப்பில் ஷா, யேட்ஸ் பெயர்கள் வராது. ஈரநிலா, அந்த வரியை நான் வெட்டப்போவதில்லை. உங்கள் மறுப்பை அப்படியே அதன் கீழே போடச் சம்மதமா?

ஈரநிலா:

போடுங்கள். "நீதிபதியும் அவரே" என்பதை மட்டும் வெட்டக் கூடாது.